இறையும் பற்றுமுறியும்

அரசுக்கு இறை செலுத்துதல் குடிகளின் கடன் என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. செலுத்திய இறை அரசின் ஏட்டிற் சேர்ந்ததா என்று கேட்டு அறிந்துகொள்ளுதல் குடிகளின் உரிமை என்னும் எண்ணமோ அத்துணைப் பழைமையானதன்று. கடன் முன்னே தோன்றியது. உரிமை பல நூற்றாண்டுகள் கழித்து, அதுவும் சிறிது சிறிதாகவே வந்து சேர்ந்தது. இன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வருமான வரி விபரத்திரட்டை அனுப்பிய ஒருவர், "அது போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்கும் எளிய கேள்விக்குப் பின்னால் இந்த நீண்ட வரலாறு நிற்கின்றது.

கொழும்பு மாநகரின் வடபாகத்திலே, கொட்டாஞ்சேனைக்கும் செட்டியார் தெருவுக்கும் அணித்தாக அமைந்த ஜிந்துப்பிட்டி இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற இடமாகும். அவ்வூரின் பெயர், போர்த்துக்கேயர் வழங்கிய 'சாந்தோமே' என்னும் புனித தோமையாரின் பெயரிலிருந்து திரிந்து வந்தது என்பர். தோமையார் ஆலயமும் சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலும் அங்கே உள்ளன. தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுவினர் ஒரு காலத்தில் அங்கே கொட்டகை அமைத்து நாடகம் நடத்தினர். எனினும் அப்பகுதியின் அன்றாட மூச்சு வாணிகமே. வாணிகம் உள்ள இடத்திலே கணக்கு இருக்கும். கணக்கு உள்ள இடத்திலே பற்றுச்சீட்டு இருக்கும்.

அயலிலுள்ள செட்டியார் தெருவிலே கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் பேரேடு எழுதுவதில் நிகரற்றவர்கள். முதலாளி ஊரில் இருக்க, முகவர் மூன்றாண்டுத் தவணைக்குக் கொழும்புக்கு வந்து கடையை நடத்துவார். தவணை முடிந்ததும் ஐந்தொகை எழுதிக் கணக்கொப்புவித்துத் திரும்புவார். 1934ஆம் ஆண்டின் இலங்கை வங்கி ஆணைக்குழு இந்த நாட்டின் பண நிலைமையை ஆராய்ந்தபோது செட்டிமாரின் தொழிலையும் ஆராயவேண்டியதாயிற்று. அத்துணை அளவுக்கு அவர்கள் கொடுத்த கடன் தீவெங்கும் பரவியிருந்தது. இத்தகைய வாணிகத்தின் அடிப்படை விதி ஒன்றுண்டு. கொடுத்தவனிடமும் ஓர் எழுத்து இருக்கவேண்டும், வாங்கியவனிடமும் ஓர் எழுத்து இருக்கவேண்டும், இரண்டும் ஒத்திருக்கவேண்டும். 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?' என்னும் பழமொழி இவ்விதியைத்தான் கூறுகின்றது.

இரு வணிகர்க்கிடையே இவ்விதி எளிதில் நிலைபெற்றது. அரசுக்கும் குடிக்கும் இடையே அங்ஙனம் நிலைபெறவில்லை. ஏனெனில் அங்கே இருவரும் நிகரானவர்கள் அல்லர்.

சோழப் பேரரசின் ஆட்சிமுறையை நோக்குவோம். வரிக்கணக்கைப் பேணுவதற்கென்றே புரவுவரித் திணைக்களம் என்னும் அமைப்பு அக்காலத்தில் இருந்தது. 'வரிப்பொத்தகம்' என்னும் ஏட்டைப் பேணிய அலுவலர் கல்வெட்டுகளிற் குறிக்கப்படுகின்றனர். ஒரு நிலத்துக்கு வரி நீக்கி அரசன் ஆணையிட்டால், அவ்வாணை பல அலுவலரின் கைகளிற் சென்று, வரியேட்டிற் பதியப்பட்ட பின்னரே நிறைவெய்தியது. இன்று 'திணைக்களம்' என்று இலங்கைத் தமிழர் நாள்தோறும் வழங்கும் சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வரியோடு சேர்ந்து நின்ற சொல் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1009ஆம் ஆண்டளவில், பிறந்த ஓர் ஆணை உக்கல் என்னும் ஊரின் கல்வெட்டில் உள்ளது. அவனது 16ஆம் ஆண்டு முதல் 23ஆம் ஆண்டு வரை, இரண்டு முழு ஆண்டுகளுக்கு மேல் இறை செலுத்தாதிருந்தவர்களின் நிலத்தை ஊரார் விற்றுவிடலாம் என்பது அவ்வாணையின் சாரம். யார் செலுத்தினார், யார் செலுத்தவில்லை என்பதை ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் சொல்லக்கூடிய அளவுக்கு ஏடுகள் பேணப்பட்டன என்பதை இதனால் உணரலாம். அந்த ஏட்டின் ஒரு வரியே ஒருவனது நிலம் அவனுடையதா அன்றா என்பதை முடிவு செய்தது.

இதே காலத்தை அடுத்து மேலைநாட்டிலே வேறொரு வழி தோன்றியது. இங்கிலாந்து அரசின் கருவூலத்தார் வரிப்பணத்தைப் பெற்றதற்குச் சான்றாக மரக்கோல்களைப் பயன்படுத்தினர். கோலின் குறுக்கே தொகைக்கேற்ப வெட்டுகள் இடப்பட்டன. ஆயிரம் பவுணுக்கு உள்ளங்கை அகலம். நூறு பவுணுக்குப் பெருவிரல் அகலம். இருபது பவுணுக்குச் சிறுவிரல் அகலம். ஒரு பவுணுக்குப் பருத்த வாற்கோதுமை மணியின் அகலம். வெட்டிய பின் கோலை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பணம் கொடுத்தவனிடமும் மறுபாதியைக் கருவூலத்திலும் வைத்தனர். ஐயம் எழுந்தால் இரு பாதிகளையும் பொருத்திப் பார்த்தாற் போதும். ஒருவன் தனித்து ஒரு வெட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் மறு பாதி காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தறியாத குடியானவனும் அரசனோடு கணக்கொத்துப் பார்க்கக் கூடிய முறை அது. 1826ஆம் ஆண்டுவரை அது நீடித்தது. பயனற்றுக் கிடந்த கோல்களை 1834ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள் அடுப்பிலிட்டு எரிக்கப் போய், அத் தீ பரவிப் பாராளுமன்ற மாளிகையே எரிந்து போயிற்று. பழைய பற்றுமுறிகளை எரிப்போர் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் இதில் இல்லாமல் இல்லை!

இலங்கைக் கரையோரப் பகுதிகளைப் போர்த்துக்கேயரும், அவர்க்குப்பின் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் 'தோம்பு' என்னும் பெரும் பதிவேடுகள் எழுந்தன. ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் அவற்றை விரிவாக எழுதுவித்தனர். குடும்பத்தாரின் பெயரையும் அவர்கள் செய்யவேண்டிய ஊழியத்தையும் குறிக்கும் தலைத்தோம்பு ஒருபுறம். காணியையும் அதன் மரங்களையும் கடமைகளையும் குறிக்கும் காணித்தோம்பு மறுபுறம். இவை கம்பனியின் வருவாய்க்காக எழுதப்பட்டவை. குடிகளின் நன்மை கருதி எழுதப்பட்டவை அல்ல. எனினும் காலப்போக்கில் ஒரு மாற்றம் நேர்ந்தது. காணி வழக்கு எழுந்தபோது மக்கள் தோம்பின் பிரதியைத் தேடிச் சென்றனர். இறை வாங்குவதற்கென எழுதிய ஏடே, 'இந்தக் காணி என் பாட்டனுடையது' என்று சொல்லவந்த பேரனுக்குச் சான்றாயிற்று. அரசின் கையிலுள்ள எழுத்து குடியானவனுக்கும் பயன்படும் என்பதை இலங்கை மக்கள் இவ்வாறு கண்டுகொண்டனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. நெல்வரி என்பது விளைச்சலில் ஒரு பங்கை அரசுக்குக் கொடுப்பது. அதை நேரே பெறுவதற்குப் பதிலாக அரசு குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரனுக்கு அறிவித்தே உழவன் அறுவடை செய்யவேண்டும். அவன் வந்து மதிப்பிடும்வரை கதிர் வயலிற் காத்து நிற்கும். தன் பங்கைக் கொடுத்துவிட்டதாக உழவனும், வரவில்லையெனக் குத்தகைக்காரனும் மாறுபட்டால், கணக்கும் காசும் நீதிமன்றம் சென்று வாதாடும் வலிமையும் பெரும்பாலும் குத்தகைக்காரன் பக்கமே இருந்தன. இம்முறையின் தீமைகளை 1877ஆம் ஆண்டில் ஓர் ஆணைக்குழு ஆராய்ந்தது. அடுத்த ஆண்டிற் புதிய சட்டம் வந்தது. விளைச்சற் பங்குக்குப் பதிலாக, மதிப்பிட்ட தொகையை ஆண்டுதோறும் பணமாகச் செலுத்தும் முறை வலுப்பெற்றது.

ஏட்டில் எழுதிய தொகை மாறாது நின்றது; மழையோ மாறிக்கொண்டேயிருந்தது. விளையாத ஆண்டிலும் தொகையைக் கட்டவேண்டியதாயிற்று. 1880களில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியிலே, அற்பமான நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. உழுத நிலத்தை இழந்த குடும்பங்கள் பசியாலும் நோயாலும் வருந்தின. அம்மாவட்டத்தில் அரசாங்க உதவி அதிபராக இருந்த லெ மெசூரியர் இந்நிலையை வெளிப்படுத்தினார். ஜோர்ஜ் வோல் போன்றோர் நெல்வரிக்கு எதிராக இடையறாது எழுதினர். இறுதியில் 1892ஆம் ஆண்டு, தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில், நெல்வரி ஒழிக்கப்பட்டது. வரி ஏட்டின் ஒரு வரி மனிதர் வாழ்வை எத்துணை ஆழமாகத் தொடக்கூடும் என்பதற்கு இலங்கை வரலாற்றில் இதனினும் துயரமான எடுத்துக்காட்டு அரிது.

அதற்கு முன்னரே 1848ஆம் ஆண்டிலே தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்து, வீதி அமைப்பதற்கு ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்போ அதற்கீடான மூன்று சிலிங் பணமோ கொடுக்கவேண்டுமென ஆணையிட்டார். அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள் கொழும்பிலே மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். 'கொழும்பு ஒப்சேவர்' ஆசிரியர் எலியட் அந்த எதிர்ப்பில் முன்னின்றார். இரண்டொரு நாளில் மாத்தளைப் பக்கத்தில் கிளர்ச்சி வெடித்தது. வீர புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். 1850இல் டொரிங்டன் திரும்ப அழைக்கப்பட்டார். கடைக்காரனும் உழவனும் ஒருங்கே வெகுண்டெழுந்ததற்குத் தொகையின் பாரம் ஒரு காரணம். தங்களைக் கேளாது, தங்களுக்கு விளக்காது விதித்தமை மற்றொரு காரணம்.

வருமான வரி என்பது இவற்றினின்றும் வேறுபட்டது. அங்கே வரி செலுத்துபவனே தன் வருவாயை எழுதித் தெரிவிக்கவேண்டும். இங்கிலாந்தில் இளைய பிற் என்னும் முதலமைச்சர், பிரான்சுடன் நடந்த போரின் செலவுக்காக 1799இல் இவ்வரியைத் தொடங்கினார். மக்கள் அதைப் பெரிதும் வெறுத்தனர். போர் முடிந்ததும் 1816இல் அது நீக்கப்பட்டபோது, குடிமக்களின் வருவாய் விபரங்கள் அடங்கிய ஏடுகள் அனைத்தையும் அழித்துவிடுமாறு பாராளுமன்றம் பணித்தது. ஆயின் அவ்வேடுகளின் பிரதிகள் முன்னரே அரச கருவூல அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டிருந்தன. அழிந்தன என்று மக்கள் நம்பியவை அங்கே அழியாமல் இருந்தன. 1842இல் வரி மீண்டும் வந்தது. இந்தியாவில் ஜேம்ஸ் வில்சன் 1860இல் அதனைப் புகுத்தினார். இலங்கைக்கோ அது மேலும் எழுபது ஆண்டுகள் கழித்தே வந்தது.

டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் 1931இல் அரசாங்க சபை அமைந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றின் விலையும் வீழ்ந்து, அரசின் வருவாய் சுருங்கியிருந்த காலம் அது. 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வருமான வரிக் கட்டளைச் சட்டம் அவ்வாண்டு ஏப்பிரல் முதலாம் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. சித்திரைப் புத்தாண்டிற் புதுக்கணக்குத் தொடங்கும் கொழும்புத் தமிழ் வணிகர்க்கு, அதற்கு இரு வாரம் முன்னதாகத் தொடங்கும் மற்றோர் ஆண்டும் அன்றுமுதல் ஏற்பட்டது. மனைவி மக்களுக்குங்கூடச் சொல்லாத ஆதாயத்தை அரசுக்கு எழுதித் தெரிவிக்கவேண்டியதாயிற்று. இதற்கீடாகச் சட்டம் ஓர் உறுதிமொழியும் தந்தது: வரி அலுவலர் தாம் அறிந்த விபரங்களை வெளியிடலாகாது.

அக்காலத்து நடைமுறை ஒருவகையில் உரையாடலை ஒத்திருந்தது. வரி மதிப்பாளர் அறிவித்தல் அனுப்புவார். வரி செலுத்துபவர் விபரத்திரட்டை நிரப்பி அனுப்புவார். மதிப்பாளர் அதை ஆராய்ந்து மதிப்பீட்டு அறிவித்தலை அனுப்புவார். அதன்படி பணம் கட்டப்படும். வந்து சேர்ந்த மதிப்பீட்டு அறிவித்தலிலிருந்தே, தாம் அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைக் கடைக்காரர் அறிந்துகொண்டார். கேட்ட தொகை கூடுதலாக இருக்கலாம். அதற்கு எதிராக மேன்முறையீடு செய்யவும் நேரலாம். எனினும், 'என் கடிதம் என்னவாயிற்று?' என்று ஏங்கவேண்டிய நிலை பெரும்பாலும் இல்லை. மரக்கோலின் இரு பாதிகளைப் போலவே அறிவித்தலும் விபரத்திரட்டும் ஒன்றோடொன்று பொருந்தின.

சுதந்திரத்தின் பின் வரிமுறை விரிந்தது. கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோர் 1958இல் இலங்கைக்கு வந்து கூறிய ஆலோசனைகளின் பயனாக, 1959ஆம் ஆண்டின் ஆள்வரிச் சட்டம் செல்வத்துக்கும் செலவுக்கும் நன்கொடைக்கும் வரி விதித்தது. வருவாயை மட்டும் எழுதிய இடத்திலே, வைத்திருப்பதையும் செலவிட்டதையும் எழுதவேண்டியதாயிற்று. இதே காலத்தில் மொழிச் சிக்கலும் எழுந்தது. 1956ஆம் ஆண்டின் சட்டத்தாற் சிங்களம் ஒன்றே அரச கரும மொழியாயிற்று. 1958ஆம் ஆண்டின் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்துக்குரிய ஒழுங்குவிதிகள் 1966இலேயே நிறைவேறின. தமிழும் அரச கரும மொழியாகும் என்று அரசியலமைப்புக் கூறியது 1987இல், 13ஆம் திருத்தத்தினால். தமக்குத் தெரியாத மொழியில் வந்த கடிதம், வராத கடிதத்திலும் அதிகப் பயன் தருவதன்று. கிடைத்த தாள் பற்றுச்சீட்டா, நினைவூட்டலா, தண்ட அறிவித்தலா என்று அயலவரைக் கேட்டறியவேண்டிய நிலையில் ஒரு தலைமுறை வாழ்ந்தது.

1972ஆம் ஆண்டிலே மற்றொரு பெரிய மாற்றம் வந்தது. அதுவே சுய மதிப்பீட்டு முறை. வரி செலுத்துபவரே தம் வருவாயைக் கணித்து, வரியையும் கணித்து, உரிய நாளிற் பணத்தைக் கட்டி, விபரத்திரட்டையும் அனுப்பவேண்டும். மதிப்பாளர் ஒவ்வொருவருக்கும் மறுமொழி எழுதவேண்டியதில்லை. ஐயமுள்ளவற்றை மட்டும் எடுத்து ஆராய்வார். பெருகிவந்த கோப்புகளை நோக்க இது தவிர்க்கவியலாத சீர்திருத்தமே. குடிமகனின் நேர்மையை நம்பித் தொடங்கும் முறையாதலால் அவனுக்குப் பெருமை தருவதும் ஆகும். ஆயின் அதனோடு மௌனமும் வந்தது. முன்பு அலுவலகத்தின் மறுமொழி எதுவாயினும் 'கிடைத்தது' என்னும் பொருளை அது உள்ளடக்கியிருந்தது. இப்போது மறுமொழி வராவிட்டால் அதற்கு இரண்டு பொருள் உண்டு: விபரத்திரட்டை ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஒன்று, விபரத்திரட்டு வந்து சேரவேயில்லை என்பது மற்றொன்று. இரண்டும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரியாகவே தோன்றும். எது உண்மை என்பது சில வேளை ஆண்டுகள் கழித்தே, அதுவும் தண்டத்தோடு, தெரியவரும்.

இதனால் விளையும் இடர் சிறியதன்று. விபரத்திரட்டு உரிய நாளிற் சேர்ந்திருந்தால், அதனை மீண்டும் திறந்து மேலதிக வரி கேட்பதற்குச் சட்டம் கால எல்லை விதித்துள்ளது. சேரவில்லையெனின் அந்தக் காப்பை வரி செலுத்துபவர் நாட முடியாது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் பிந்திய விபரத்திரட்டுக்கு விதித்த தண்டம், வரித்தொகையின் ஒரு வீதமாகவோ, 50,000 ரூபாவும் பிந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாவுமாகவோ, எது கூடியதோ அதுவாகும். 400,000 ரூபா அதன் மேல் எல்லை. சிறு கடை நடத்தும் ஒருவருக்கு இஃது ஓராண்டு ஆதாயத்தையே விழுங்கிவிடக்கூடும்.

ஆதலின் மௌனத்தை வெல்ல மக்கள் தாமே வழி கண்டனர். நேரிற் கொண்டு செல்வோர் விபரத்திரட்டின் இரண்டாம் பிரதியையும் எடுத்துச் சென்று, அதில் அலுவலகத்தின் திகதி முத்திரையைப் பெற்று வந்தனர். தபாலில் அனுப்புவோர் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் கந்தோர் கொடுத்த துண்டைப் பிரதியோடு சேர்த்துத் தைத்து வைத்தனர். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, வழமையான அலுவல்கள் வழமைபோல் நடந்தன என நீதிமன்றம் ஊகிக்கலாம். முறைப்படி தபாலிற் சேர்த்த கடிதம் உரியவரைச் சேர்ந்திருக்கும் என்பதும் அத்தகைய ஊகமே. ஆயின் தபாலிற் சேர்த்ததை முதலிற் காட்டவேண்டும். அச்சிறு துண்டின் பெறுமதி அதுதான்.

துண்டும் பிரதியும் இல்லாமற் போனால்? 1983 ஜூலையிற் கொழும்பிலே தமிழரின் கடைகளும் இல்லங்களும் எரிந்தபோது, பொருளோடு பேரேடுகளும் பற்றுச்சீட்டுகளும் எரிந்தன. பல ஆண்டுக் கணக்கு ஒரே நாளிற் சாம்பலாயிற்று. என்ன வைத்திருந்தார், எவ்வளவுக்கு வாணிகம் செய்தார் என்பதைச் சொல்ல வணிகரிடம் எழுத்து ஒன்றும் மிஞ்சாத வேளையில், அவர் முன்னைய ஆண்டுகளில் அனுப்பிய விபரத்திரட்டு அலுவலகக் கோப்பிலே இருந்திருக்குமாயின் அது அவருக்கே சான்றாக நிற்கத்தக்கது. தோம்பு பேரனுக்குச் சான்றானது போலவே இதுவும். 'அனுப்பியது சேர்ந்ததா?' என்னும் கேள்வி தண்டத்துக்கு அஞ்சிக் கேட்கும் கேள்வி என்று மட்டும் கருதுவது பிழை. தன் உழைப்பின் வரலாறு தன் வீட்டுக்கு வெளியேயும் ஓரிடத்திற் பத்திரமாக உள்ளதா என்று கேட்பதும் அதுவே.

இன்று கொம்பனித்தெருப் பகுதியிலே, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் திணைக்களத்தின் தலைமையகம் உள்ளது. இலங்கைத் திரைப்படத் தொழிலின் முன்னோடியான ஒரு தமிழரின் பெயரை அவ்வீதி தாங்கியிருக்கின்றது. விபரத்திரட்டுகள் இக்காலத்திற் பெரும்பாலும் கணினி வழியே அங்குச் செல்கின்றன. 2024ஆம் ஆண்டில் 18 வயது நிறைந்தோர் வரி செலுத்துனர் அடையாள இலக்கம் பெறவேண்டுமென்ற விதியால் இதுவரை வரி அலுவலகத்தையே அறியாத பலரும் அதன் ஏட்டிற் சேர்ந்தனர். இலக்கம் பெறுதல் வேறு. வரி செலுத்தும் கடப்பாடு வேறு. விபரத்திரட்டு அனுப்பும் கடப்பாடு வேறு. இம்மூன்றையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலர்.

பணம் கட்டியதையும் விபரத்திரட்டு அனுப்பியதையும் ஒன்றாகக் கொள்வது அதனினும் பெரிய மயக்கம். மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல் முடிகின்றது. தவணைப் பணத்துக்கு உரிய நாள்கள் ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் நாள்கள். எஞ்சிய தொகைக்கு செப்ரெம்பர் 30. விபரத்திரட்டுக்கு நவம்பர் 30. வங்கியின் பற்றுச்சீட்டு பணம் சேர்ந்ததற்கே சான்று. வரியின் வகையும் காலமும் அதிற் பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தால், பணம் கருவூலத்தைச் சேர்ந்தும் உரிய கணக்கைச் சேராது போகலாம். விபரத்திரட்டுக்குரிய சான்று, அது கிடைத்தது என்று கணினி தரும் ஒப்புகையே. நிரப்பிச் சேமித்து வைத்தல் அனுப்பியதாகாது. இறுதியாகச் சமர்ப்பித்து, ஒப்புகை இலக்கத்தைப் பெற்று, அதைத் தாளில் அச்சிட்டு வைத்த பின்னரே கருமம் முடிந்தது எனலாம். சில நாள் கழித்துத் தம் கணக்கைத் திறந்து அந்த ஆண்டின் விபரத்திரட்டு அதிற் காணப்படுகின்றதா என்று பார்ப்பதும், ஐயமிருப்பின் 1944 என்னும் தொலைபேசி இலக்கத்தில் விசாரிப்பதும் எவருக்கும் இயலும்.

சம்பளம் பெறுவோரின் நிலை சிறிது வேறுபட்டது. அவர்களின் வரியைத் தொழில் தருநர் மாதந்தோறும் கழித்து அனுப்புகின்றார். 2020இல் வந்த முற்பண வரிமுறை, 2023 ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. ஊழியரின் கையிற் சேராத பணம் அரசின் கையிற் சேர்ந்ததா என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? ஆண்டு முடிவில் தொழில் தருநர் கொடுக்கவேண்டிய கழிவுச் சான்றிதழே அவருக்குரிய பற்றுமுறி. அதைக் கேட்டுப் பெறுதல் நன்றியின்மையும் அன்று, ஐயப்படுதலும் அன்று. செட்டியார் தெருக் கடையில் உடன்பிறந்தார் இருவர் கொடுக்கல் வாங்கல் செய்தாலும் பேரேட்டில் எழுதிக்கொள்வர். அதனால் உறவு கெடுவதில்லை. எழுதாமல் விட்டதாலேயே கெட்ட உறவுகள் பல.

ஓலையில் எழுதிய வரிப்பொத்தகம், பிளந்த மரக்கோல், தோல் அட்டையிட்ட தோம்பு, திகதி முத்திரை பதித்த தாள், திரையில் தோன்றும் இலக்கம் என இவ்வாறு பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றது. வரி ஏடு அரசின் கையில் மட்டும் இருந்த காலங்களில் வலப்பனை உழவன் நிலம் இழந்தான். ஏட்டின் ஒரு பாதி குடியானவன் கையிலும் இருந்தபோது அவன் நிமிர்ந்து நின்று கணக்கொத்துப் பார்க்க முடிந்தது. ஜிந்துப்பிட்டியின் சிறு கடைக்காரரும், வெள்ளவத்தையில் ஓய்வூதியத்தில் வாழும் பெரியவரும், தம் ஒப்புகைத் தாளை நகையோடும் காணி உறுதியோடும் ஒரே பெட்டியில் வைத்திருப்பார்களாயின், அது காரணமின்றிச் செய்யும் செயலன்று. இறை கொடுப்பது குடிமகனின் கடமை. கொடுத்ததற்குச் சான்று பெறுவதும் அக்கடமையின் மறுபாதியே.